ஓங்கிய கோடாலியும் திலகவதி அக்காவின் வலது கையும்

செவ்வாய்க்கிழமை காலை, கடைக்குப் பின்புறம் லாரியிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. நடராஜன் சார், திலகவதி அக்காவின் வீட்டுக்காரர். எப்போதும் "பாண்டி, முருங்கைக்காய் வந்துட்டுதா?" என்று ஆரம்பிக்கிறவர், அன்று என் பெயரை மட்டும் சொன்னார். பிறகு, "திலகா போயிட்டாப்பா" என்றார். வேலைக்குப் போய், பல் டாக்டர் ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருக்கிறார். அதோடு முடிந்தது. மாரடைப்பு. லாரிக்காரன் கையெழுத்துக்காக அட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். எங்கே போட்டேன், என்ன போட்டேன் என்று தெரியாது.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விருதுநகர்ப் பக்கத்து வியாபாரி. எழுதிப் பழக்கம் விலைப்பட்டியல் வரைக்கும்தான். உங்களில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியும்; பொங்கல் விழாவில் அரை மணி நேரம் பேசுகிறவரிடமிருந்து மைக்கை வாங்கி, "பசிக்குதுங்க, மீதிய அடுத்த வருசம் கேட்டுக்கறோம்" என்று சொன்ன கோபிச்செட்டிபாளையத்து அம்மாள் அவர்தான். மீதிப் பாதிப் பேருக்கு, ஆஷ்மில் டவுன் ஹாலில் கை ஒடிக்கப்பட்ட பெண்மணி என்று தெரியும். அந்தக் கை ஒடிந்த கதையை இத்தனை வருஷமாக ஊர் தப்பாகச் சொல்கிறது. அதைத் திருத்துவதற்காகவே எழுதச் சம்மதித்தேன்.

அவரை நான் முதலில் பார்த்தது தொண்ணூற்று மூன்றில். அதற்கு முன் இரண்டு வருஷம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மெண்ட்களில் வேனை நிறுத்தி எவர்சில்வர் பாத்திரமும் இட்லித் தட்டும் விற்றுக்கொண்டிருந்தவன் நான். ஆஷ்மில்லில் வாடகை மலிவாக ஒரு கடை கிடைத்தது. பெயர்ப்பலகைக்குப் பர்மிட் வாங்க டவுன் ஹால் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு தடியன், நான் படிவத்தை நிரப்பத் தாமதம் செய்கிறேன் என்று முதுகில் கைவைத்துத் தள்ளினான். நெற்றி கவுண்டர் விளிம்பில் மோதியது. "உங்க ஊருக்கே போய் நிரப்பு" என்று இங்கிலீஷில் சொல்லி, தன் காகிதத்தை எனக்கு முன்னால் வைத்தான். கவுண்டருக்கு உள்ளே இருந்த பெண்மணி முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தேதி அடிக்கும் அந்த இரும்பு முத்திரையை எடுத்தார். ஓங்கி அடித்தார். காகிதத்தின் மேல் அல்ல. அதைப் பிடித்திருந்த அவன் விரல் மேல். அவன் அலறினான். நகத்தில் ரத்தம் கட்டிவிட்டது. "ஐயோ சாரி சார், கை தவறிடுச்சு" என்று அதே இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நீ என்ன வேடிக்கை பாக்கறே? ரெண்டு போட்டோகாப்பி எடுத்துட்டு வா கண்ணு."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. கவுண்டர் வேலையோடு, கீழ்த்தளத்தில் இருந்த பழைய ஆவண அறையும் அவர் பொறுப்புதான்.

இனி அந்தக் கொடி. ஆஷ்மில் சின்ன ஊர். ஒரு ஆறு, மூடிப்போன செங்கல் சூளைகள், மூன்று சர்ச், ஒரு கொடி. நீல நிறத் துணி; அடியில் சிவப்புப் பட்டை; நடுவில் கேடயம். கேடயத்தில் தரையிலிருந்து ஒரு கை மேலெழுந்து கோடாலியை ஓங்கி நிற்கும். அதன் கீழே ஒரு அடிமரக் கட்டை. அதற்கும் கீழே 'கொண்டதை விடோம்' என்று பொருள் வரும் ஒரு வரி. டவுன் ஹாலில் இலவசமாகக் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் விளக்கம் இருந்தது: நீலம் ஆறு, சிவப்பு சூளை மண், கோடாலி உழைப்பு, கட்டை என்பது முன்னோர் வெட்டித் திருத்திய காடு. நான் புத்தகத்தைப் படிக்கவில்லை. படத்தைத்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஊர் எல்லையில் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கும் சாமியைப் பார்த்து வளர்ந்தவன் வேறு என்ன நினைப்பான்? இந்த ஊருக்கும் ஒரு காவல் தெய்வம் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கொடி வாங்கிக் கடை வாசலில் நட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, கம்பத்தின் அடியில் வைத்தேன்.

அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏங் கண்ணு, எந்தச் சாமின்னே தெரியாமப் பொட்டு வெக்கறயே, அது சைவமா அசைவமான்னாவது கேட்டியா?"

"எல்லைச் சாமிக்கா. வந்த ஊர்ல மொதல்ல அதத்தான கும்பிடணும்."

"கும்புடு, கும்புடு. கடையில பெருங்காயம் தீந்துபோச்சு, அதயும் கேளு சாமிகிட்ட."

தொண்ணூற்று ஐந்தில் ஊர் தோன்றிய நாள் வந்தது. அது வெள்ளிக்கிழமை. ஊர்வலம் என் கடை வழியாக வரும் என்று தெரிந்து, மரியாதைக்காக அன்றைக்கு ஐந்து பழம் வெட்டிக் குங்குமத்தைக் கொஞ்சம் தாராளமாகவே தடவி வைத்தேன். கல் படியெல்லாம் சிவப்பு. ஊர்வலம் நின்றது. முன்னால் வந்தவர் ஹோல்ட், பழுதான கார்களை இழுத்துச் செல்லும் டிரக் கம்பெனி முதலாளி, ஊரை நிறுவிய ஸ்தாபகரின் பெயரால் நடக்கும் சங்கத்தின் தலைவர். ஆறடிக்கு மேல் உயரம். குனிந்து படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொடர்ந்து நடந்தார். அன்று மாலைக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: அந்த இந்தியன் ஸ்தாபகரின் கொடிக்கு அடியில் ரத்தம் ஊற்றிச் சூனியம் வைக்கிறான்.

சனிக்கிழமை பட்டப்பகலில், வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கும்போதே, டிரக்கிலிருந்து இறங்கிய மூன்று பேர் முன் கண்ணாடியைச் செங்கல்லால் உடைத்தார்கள். முதல் கல் துவரம்பருப்பு மூட்டையில் விழுந்தது. இரண்டாவது கல் உடைத்த கண்ணாடிச் சில் என் புருவத்தைக் கிழித்தது. மூன்றாமவன் கொடிக் கம்பத்தைப் பிடுங்கி அதன் நுனியால் என் விலாவில் குத்தினான். ஊறுகாய் ஜாடிகள் ஒன்றுவிடாமல் போயின. எண்ணெயும் மிளகாயும் என் ரத்தமும் எது எது என்று தெரியாமல் தரையில் ஓடின. போலீஸ் வந்தது. எழுதிக்கொண்டது. போனது. அடுத்த வாரம் எனக்குத்தான் நோட்டீஸ் வந்தது: ஊர்ச் சின்னத்தை அவமதித்துப் பொது அமைதியைக் கெடுத்த காரணத்தால் கடை பர்மிட்டை ஏன் ரத்து செய்யக்கூடாது? கவுன்சில் முன் ஆஜராகவும்.

அக்கா விளக்குமாற்றோடு வந்தார். என் புருவத்துத் தையலைப் பார்த்துவிட்டு, "திருஷ்டி கழிக்கப் போயித் திருஷ்டியவே வெலைக்கு வாங்கியிருக்கே" என்றார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்ணாடி பெருக்கினார். நான் நோட்டீஸைக் காட்டினேன். அந்தக் கடை போனால் எனக்கு ஒன்றும் இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பமே கடையை நம்பித்தான் போட்டிருந்தேன். பர்மிட் போனால் கடை போகும், கடை போனால் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும். விருதுநகரில் எனக்காக வாங்கிய கடனுக்கு வீட்டார் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொடிய எப்படிப் பறக்கவிடணும், அதுக்கு முன்னாடி என்ன வெக்கலாம், வெக்கக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்பானுங்க. கீழ போய்ப் பாக்கறேன். நீ மருவாதைக்குத்தான் வெச்சேன்னு நிரூபிச்சுட்டாப் போதும்" என்றார்.

மூன்று நாள் கழித்து மதிய இடைவேளையில், ரயில் ஸ்டேஷன் பார்க்கிங்குக்கு வரச் சொன்னார். அவர் காரில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் ஒரு படம், ஒரு கடிதம். இரண்டும் நகல், மூலம் கீழறையில் இருக்கிறது என்றார். படம் அந்தக் கேடயம்தான், முதன்முதலில் வரைந்தபடி. அதே கை, அதே கோடாலி. ஆனால் கீழே கட்டை இல்லை. ஒரு ஆள் மண்டியிட்டு, தலையை இரண்டு கையாலும் மூடிக் குனிந்திருந்தான். பிற்காலத்தில் யாரோ கூச்சப்பட்டு அவனை மரக்கட்டையாக மாற்றியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால், இன்றைய கொடியிலும் கட்டையின் மேல் பட்டையில் ஐந்து கோடு தெரியும். அவை விரல்கள்.

கடிதம் ஸ்தாபகர் கைப்பட எழுதியது. சூளை வேலைக்குக் கப்பலில் அழைத்துவரப்பட்ட வெளியாட்கள், பேசின கூலி தரவில்லை என்று வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களில் முன்னால் நின்று பேசியவனை ஆற்றுத்துறையில் எல்லோர் கண்முன்னாலும் இவர் கோடாலியால் வெட்டிக் கொன்றிருக்கிறார். அதைத்தான் கேடயத்தில் வைக்கச் சொல்கிறார். அக்கா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "ஓவியனுக்கு எழுதறான் பாரு. 'கோடாலி இறங்கினதா வரையாதே. ஓங்கினபடி வரை. விழுந்தது ஒரு தரம். ஓங்கி நிக்கறது, இனிமேல் இங்க வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும்.'"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லைச் சாமி எல்லைக்குள் இருப்பவனைக் காக்கும். நான் எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கேட்காமலே பழம் வெட்டி வைத்திருக்கிறேன்.

"அக்கா, இத அங்க கொண்டு வராதீங்க. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன். கடைக்காரன் மன்னிப்புக் கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போகாது."

"கெஞ்சுனா ஒன்ன முடிச்சுருவானுங்க. இவங்களுக்கு அசிங்கம்னாத்தான் பயம். கூட்டத்தப் பத்தி எழுதறதுக்குப் பேப்பர்க்காரி ஒருத்தி வருவா. அவ இருக்கறப்ப இதை விரிச்சா, ஓட்டெடுக்க ஒருத்தன் கை தூக்க மாட்டான்."

"உங்க வேலைக்கா?"

"எழுத்துல உத்தரவு வாங்காம மூலத்த அந்த ரூமை விட்டு எடுத்தா வேலை போயிரும். நகலக் காட்டுனா நீயே வரைஞ்சதும்பானுங்க. அதனால மூலத்தத்தான் எடுத்துட்டு வருவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வேலை வேற கெடைக்கும் கண்ணு. இந்த மாதிரிப் பேப்பர் மறுபடி கெடைக்காது."

நான் மறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இரண்டாம் தரம் மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது பலிக்கும் என்று தோன்றியது. சரி என்றேன்.

கவுன்சில் கூட்டம் மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. மடக்கு நாற்காலிகள் நிரம்பிச் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். நான் இரண்டாம் வரிசை. மடியில் என் ஃபைல்: பர்மிட், குத்தகைப் பத்திரம், குடியேற்றக் காகிதங்கள், எல்லாம் மூலப் பிரதிகள். ஹோல்ட் எழுந்து, எங்கள் தாத்தாக்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர் இது, உழைப்பின் கோடாலிக்குக் கீழே ரத்தம் தெளிக்கிறவனுக்கு இங்கே இடம் கிடையாது என்றார். கைதட்டல். "கட்டிவச்சு உதைங்கடா" என்ற பொருளில் பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்கா எழுந்து முன்னே போனார். அட்டைக் குழாயிலிருந்து படத்தை உருவி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துக் காட்டினார். கடிதத்தின் வரியை மனப்பாடமாகச் சொன்னார். இறங்கினபடி வரையாதே, ஓங்கினபடி வரை. முதல் வரிசையில் இருந்த ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் வைத்தது ஒரு பழம். உங்கள் கேடயத்தில் இருப்பது ஒரு பிணம். எதை முதலில் விசாரிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஹோல்ட் பாய்ந்தார். படத்தைப் பிடித்து இழுத்தார். அக்கா விடவில்லை. அவர் அக்காவின் வலது மணிக்கட்டைப் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்கினார். அக்கா விடவில்லை. யாரோ ஒரு நாற்காலியை எறிந்தார்கள்; அது அக்காவின் தோளில் பட்டு விழுந்தது. அப்போதும் விடவில்லை. பிறகு அந்தச் சத்தம். காய்ந்த முருங்கைக் கொப்பு ஒடிகிற சத்தம். படம் குறுக்கே கிழிந்தது. கோடாலி ஹோல்ட் கையில் போனது. குனிந்தவன் அக்கா கையில் நின்றான்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. பாண்டி எழுந்தான், மடக்கு நாற்காலியை மடக்கி ஹோல்ட் முகத்தில் வீசினான், இரண்டு பல் போயிற்று, கீழே விழுந்தவரை மறுபடி அடித்தான், போலீஸ்காரர் இருவர் அவன் முதுகில் முட்டிபோட்டு விலங்கு மாட்டினார்கள். எல்லாம் உண்மை. அடித்தேன். மூன்று தரம். மூன்றாம் அடியில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கா கணக்குப் பலித்தது. பேப்பர்க்காரி எழுதிய பிறகு ஊர் வக்கீல் வெலவெலத்துப் போனார். ஓட்டெடுப்பு நடக்கவில்லை. ஹோல்ட் மேல் ஒன்று, என் மேல் ஒன்று என்று இருந்த இரண்டு அடிதடி வழக்கையும் வாபஸ் வாங்க வைத்தார். என் பர்மிட் விவகாரம் பிறகு எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. கடை தப்பியது. கடையை வைத்து கிரீன் கார்டும் வந்தது. அக்காவுக்கு மட்டும், கை மாவுக்கட்டில் இருக்கும்போதே, ஆவணத்தை வெளியே எடுத்ததற்காக வேலை நீக்கக் கடிதம் வந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பல் டாக்டர் ஆபீசில் சேர்ந்தார். எலும்பு கோணலாகக் கூடியதால் வலது கையால் கரண்டி பிடிக்க முடியாது. "பல்லுப் போனது அவனுக்கு, பல் டாக்டர்கிட்ட வந்து சேந்தது நானு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த வருஷம் கவுன்சில் கொடியை மாற்றியது. கோடாலியையும் கட்டையையும் எடுத்துவிட்டு நீர்ச்சக்கரமும் ஒரு மேப்பிள் இலையும். நாம் ஜெயித்துவிட்டோம் என்று லட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இடது கையால் கோணல்மாணலாக ஒரு எதிர்ப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன ஜெயிச்சோம்? கோடாலிய எடுத்தாக் குனிஞ்சவனும் போயிருவான். செத்தது போதாதுன்னு, செத்தான்ங்கறதயும் அழிக்கறானுங்க. ரெண்டயும் போடு, கட்டைய எடுத்துட்டு மனுசன வரைன்னு எழுதறேன்." அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவே இல்லை. லட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்குத்தான் நம் சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. 'அக்காவைக் காத்த தம்பி' என்று மைக்கில் சொன்னார்கள். முதல் வரிசையில் அக்கா இடது கையால் தொடையில் தட்டிக் கைதட்டினார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எடிசன் ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் என் கடை தேடி வந்தார்கள். வியாபாரம் கூடியது, மறுக்க மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் கதையை நானே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மெருகு ஏறியது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் அக்கா சொன்னார்: "ஏங் கண்ணு, என் கை ஒடிஞ்சப்ப நீ உக்காந்துதான இருந்தே."

நான் தராசுத் தட்டைத் துடைத்தேன்.

"ஃபைல நெஞ்சோட கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தே. அந்த ஹோல்ட் பின்னால நகர்றப்ப உன்ன இடிச்சு, ஃபைல் கீழ விழுந்துச்சு. அவன் பூட்ஸ் அது மேல ஏறுச்சு. அப்பத்தான் எந்திரிச்சே."

உண்மை. கவுன்சில் ஆட்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் அசைந்தால் பர்மிட் போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் மணிக்கட்டு திரும்புவதை, திரும்பும் தூரம் முழுவதையும், ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். குத்தகைப் பத்திரம் பூட்ஸுக்கு அடியில் கிழிந்தபோதுதான் என் கை நாற்காலியைத் தேடியது.

"ஏன்க்கா யாருட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க? உன்னத்தான கேட்டாங்க. நீதான சொல்லியிருக்கணும்." கத்தரிக்காயைத் தராசில் வைத்தார். "பாதிக் கிலோ போதும். பூச்சி இல்லாததாப் பாத்துப் போடு."

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். அக்காவுக்காக நான் யாரையும் அடிக்கவில்லை. போன ஞாயிறு இரங்கல் கூட்டத்திலும் நீங்கள் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் மேடைக்குக் கூப்பிட்டீர்கள். இனிமேல் வேண்டாம்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது ஒரே ஒரு பார்வை. ஹோல்ட் தன் கையை முறுக்கிய அந்த நேரத்தில் அக்கா அவரைப் பார்க்கவில்லை. கவுன்சில் மேஜையையோ பேப்பர்க்காரியையோ பார்க்கவில்லை. வலியில் வாய் கோணிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்தார். ரொம்ப நாள் அதை, நான் உட்கார்ந்திருப்பதைக் கையும் களவுமாகப் பிடித்த பார்வை என்றே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இந்த வாரம்தான் புரிகிறது. நான் எழுந்து வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துத்தான் அவர் பார்த்தார்.